பாட்டி என்று அழைக்கப்பட்ட பின்: மூப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் முப்பத்துமூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்து, 2024-இல் ஓய்வுபெற்றவள் நான். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். மாலையில் தெருக்கோடிப் பூங்காவில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லோரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்கு வயதாகிவிட்டது என்பது எப்போது தெரியும்?

உடம்புக்கு மெதுவாகத் தெரியும். நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை இறுகி வெள்ளெழுத்து வரும். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவோம். தரையில் உட்கார்ந்து எழும்போது கை தானாகச் சுவரைத் தேடும். இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் வருவதால் பழகிப்போகின்றன.

ஊர்க் கண்ணுக்கோ ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது. எனக்கு அது ஐம்பத்தேழாவது வயதில் நடந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். சீருடை அணிந்த ஒரு பெண் எழுந்து, "பாட்டி, உட்காருங்கள்" என்றாள். அன்று காலைதான் ஐந்து வகுப்புகள் நின்றுகொண்டே எடுத்திருந்தேன். "வேண்டாம்மா, நீ உட்கார்" என்றேன். அவள் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. காவிரிப் பாலம் வரை அந்த இடம் காலியாகவே வந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தபோது ஒன்று புரிந்தது. மூப்பு இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை உடம்புக்குள், இரண்டாம் தடவை பிறர் பார்வையில். முதலாவதற்கு மருத்துவரிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு நாமேதான் பதில் தேட வேண்டும்.

"பாட்டி", "பெரியவரே" என்று யாராவது கூப்பிட்டால் ஏன் சுருக்கென்கிறது?

நம் ஊரில் முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லித்தான் அழைக்கிறோம். ஒரு பெண் தங்கச்சியாக இருந்து அக்காவாகி, அம்மாவாகி, பாட்டியாகிறாள். ஒவ்வொரு படியையும் ஏற்றிவைப்பவர் கடைக்காரரோ நடத்துநரோதான். நம்மை யாரும் கேட்பதில்லை. நாமும் முப்பது வயதில் எத்தனையோ பேரைக் கேட்காமலே பாட்டியாக்கினோம். அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"கிழவி", "கிழவன்" என்ற சொற்கள் இன்று வசைபோல ஆகிவிட்டன. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. பழந்தமிழில் கிழமை என்றால் உரிமை; கிழவன் என்றால் உரியவன், தலைவன். சங்க அகப்பாடல்களின் தலைவனுக்கே அந்தப் பெயர் உண்டு. திருமுருகாற்றுப்படை முருகனை மலைகிழவோன் என்று சொல்லித்தான் முடிகிறது. என்றும் இளையவன் என்று நாம் கொண்டாடும் தெய்வத்துக்கே அந்தச் சொல்லைச் சூட்டியிருக்கிறார்கள். சேக்கிழாரின் பெயரில் உள்ள கிழாரும் இதே வேரில் வந்ததுதான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆகவே என் பதில் இது. வயதானவள் என்ற பெயரை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். அந்தப் பெயரைக் காட்டி என் உரிமையை எடுத்துக்கொள்வதை மட்டும் ஏற்க மாட்டேன். கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்.

சட்டப்படி எந்த வயதில் ஒருவர் முதியவர் ஆகிறார்?

எந்தச் சன்னலில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) அறுபது என்கிறது. வருமான வரியிலும் 60. அங்கே எண்பதுக்கு மேல் இன்னொரு பிரிவும் உண்டு. ரயிலில் கீழ்ப்படுக்கை முன்னுரிமை ஆணுக்கு 60 வயதில், பெண்ணுக்கு 45 வயதில். 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு 70 ஆக வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு வயது 58-ஆக இருந்து, 2020-இல் 59, 2021-இல் 60 ஆனது. 58-இல் விடைபெற வேண்டிய என்னை, அதே உடம்போடு, இன்னும் இரண்டு ஆண்டு வேலை செய்யலாம் என்றார்கள். உடம்புக்கும் இந்தக் கணக்குகளுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிடலாமா?

உங்கள் விருப்பம். பூசுகிறவர்களை "வயதை மறைக்கிறாள்" என்று பேசுவதும் தவறு, பூசாதவர்களை "அலட்சியமாக இருக்கிறாள்" என்று பேசுவதும் தவறு. நான் ஓய்வுபெற்ற மாதம் நிறுத்தினேன். முன்நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையும் பின்னால் கறுப்புமாக ஐந்தாறு மாதம் கடினமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாராபினைலின் டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாதிருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று முகம் வீங்கும் அளவுக்கு அது ஒவ்வாமை தரலாம். ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசுங்கள். மருதாணி என்று எழுதியிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். வெறும் மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். கன்னங்கரேலென்று பிடித்தால் அவுரியோ வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளத்தான் வேண்டுமா?

தமிழ் வருடங்கள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. பிறந்த வருடத்தின் பெயர் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வரும்போது மணிவிழா. மயிலாடுதுறைப் பக்கம் திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் கோயிலுக்குப் போனால், ஒரே நாளில் எத்தனையோ தம்பதிகள் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். யமனைக் காலால் உதைத்து மார்க்கண்டேயனை என்றும் பதினாறு ஆக்கிய தலம் அது. அறுபது, எழுபது, எண்பது ஆனவர்கள் அங்கே வந்து பேரப்பிள்ளைகள் முன்னிலையில் மறுபடி தாலி கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும். வயதைச் சொல்லி ஊரையே கூப்பிட்டு விருந்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இழந்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அந்த அறுபது பெரும்பாலும் கணவரின் அறுபது. மனைவிக்கு அறுபது ஆவதைத் தனியாக யாரும் எண்ணுவதில்லை. கணவரை இழந்தவளுக்கு அந்தச் சடங்கே இல்லை. நான் பிறந்தது 1964, குரோதி வருடம். 2024 சித்திரையில் குரோதி மறுபடி பிறந்தபோது என் கணவர் உயிருடன் இல்லை. வைகாசியில் என் நட்சத்திரம் வந்த அன்று, காலை ஏழு மணிக்கு என் தம்பி பஸ் பிடித்து வந்து நின்றான். கையில் ஒரு சுங்குடிப் புடவை. "அக்கா, உனக்கும்தானே அறுபது" என்று சொல்லிக் காலில் விழுந்தான். சேமியா பாயசம் வைத்து இருவரும் சாப்பிட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படி எண்ணப்படாத ஓர் அறுபது இருந்தால், இந்த ஆண்டு அதை எண்ணுங்கள்.

மருத்துவரிடம் போனால் அவர் என் மகனைப் பார்த்தே பேசுகிறார். என்ன செய்வது?

பூங்காவில் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். எனக்கும் நேர்ந்தது. முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மருத்துவர் என் மகனிடம், "அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டார். என் மகன் சென்னையில் இருக்கிறான், என் தூக்கம் அவனுக்கு எப்படித் தெரியும்? அவனும் பாவம், "வருகிறது என்றுதான் நினைக்கிறேன்" என்றான். நான் நடுவில் நாற்காலியைப் போல உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போனேன். ஆட்டோவிலேயே மகனிடம், "நீ கூட இரு, ஆனால் பேசுவது நான்" என்று சொல்லிவிட்டேன். உள்ளே போனதும், "டாக்டர், என்னிடமே சொல்லுங்கள், மறந்துவிடுவேன் என்றால் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை, பழக்கம் அப்படி.

வீட்டிலும் இதே கதைதான். "நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள், விடுங்கள்" என்று பிள்ளைகள் செல்பேசியை வாங்கிப் பணம் அனுப்பிக் கொடுப்பார்கள். சிலிண்டர் பதிவு செய்வார்கள். மளிகைப் பட்டியலையும் அவர்களே போடுவார்கள். அத்தனையும் அன்பில் செய்வது. ஆனால் ஓராண்டு செய்யாத வேலை கைக்கு மறந்துபோகிறது. பிறகு "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்பது உண்மையாகவே ஆகிவிடுகிறது. நானும் என் மகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், அழுத்துவது என் விரல்.

அவர்களுடைய பயத்திலும் நியாயம் இருக்கிறது. "டிஜிட்டல் கைது" செய்திருக்கிறோம் என்று, போலீஸ்போலச் செல்பேசியில் அழைத்து மிரட்டி முதியவர்களிடம் பணம் பறிக்கும் கூட்டம் பெருகியிருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். ஏமாந்தோம் என்று வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள் என்பதே என் முதல் சொல். எங்கள் குழுவில் ஒருவர் மனைவி இறந்த மூன்றாம் மாதமே தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று அதே வீட்டில் எந்த அறையில் படுப்பது என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைத் திட்டியதுகூட இல்லை. ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் அவருடைய வேதனை.

உயில் எழுதினால் அது உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தால் சொத்து அன்றே கைமாறிவிடும். அப்படியும் எழுத வேண்டிய சூழ்நிலை என்றால், உங்கள் ஆயுட்காலம் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், பிள்ளைகள் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க இடம் தருகிறது. நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியோரின் நன்மையைக் கருதி இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எது எப்படியானாலும், எழுத்தில் இருப்பது உங்களைக் காப்பாற்றும்.

கைவிடப்பட்டவர்கள் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு மனுச் செய்யலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை உத்தரவிட அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள்.

பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை. காது போய்விட்டதா?

மூப்பில் வரும் கேள்விக் குறைவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் மங்கும். உயிரெழுத்துகள் தெளிவாக வரும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் நழுவும். "படி" என்றார்களா "கடி" என்றார்களா என்று குழப்பம் வரும். குழந்தைகளின் குரலும் கல்யாண மண்டபத்துப் பேச்சும் பிடிபடாது. அதனால் பலர் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்துகிறார்கள். "அவர் முன்போல் இல்லை, ஒதுங்கிவிட்டார்" என்று ஊர் பேசும்.

கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை. காதுக் கருவிக்கு மட்டும் ஏன் இத்தனை கூச்சம்? லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல், மறதிநோய்க்கு வழிவகுப்பவற்றுள் நம்மால் மாற்றக்கூடியவை என்று 14 காரணிகளைச் சொன்னது. சரிசெய்யாமல் விட்ட கேள்விக் குறைவும் அவற்றில் ஒன்று. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கத்தாதீர்கள். எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள்.

பெயர்கள் மறக்கின்றன. பயப்பட வேண்டுமா?

குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று மறப்பது எல்லோருக்கும் உண்டு. நாற்பது ஆண்டு வைத்த குழம்பை எப்படி வைப்பது என்றே தெரியாமல் அடுப்படியில் நின்றால், தினமும் போகும் தெருவில் வழி தவறினால், மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி இறங்குமுகம்தானே, உடற்பயிற்சியெல்லாம் எதற்கு?

1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய வயது 86 முதல் 96 வரை. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளர்கிறது. நாற்காலியின் கையைப் பிடிக்காமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம். முழங்கால் தேய்ந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். விழாமல் இருப்பதற்கு நாம் செய்யக்கூடியவற்றில் இது முக்கியமானது.

மனத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. தங்கள் மூப்பைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எண்ணம்தான் ஆயுளைத் தந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் "இந்த வயதில் எனக்கெதற்கு" என்று நானே என்னிடம் சொல்லிக்கொள்வதை இதைப் படித்த பிறகு நிறுத்திவிட்டேன்.

என்னை இப்போது யாரும் பார்ப்பதே இல்லை. கடையில்கூட எனக்குப் பின்னால் வந்தவரை முதலில் கவனிக்கிறார்கள்.

கடையில் நடப்பதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். "தம்பி, நான் முன்னால் வந்தேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன், கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெண்கள் இதை மெல்லிய குரலில்தான் ஒத்துக்கொள்கிறார்கள். ஔவையாரைப் பற்றி வழங்கும் கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணம் பேசியபோது பிள்ளையாரிடம் வேண்டி, இளமையைக் கொடுத்து மூப்பை வாங்கிக்கொண்டாள். அதன்பின் அவள் தனியாக ஊர் ஊராக நடந்தாள், அரசன் முகத்துக்கு நேரே பேசினாள், யாரும் தடுக்கவில்லை. சிறுவயதில் அந்தக் கதையை நான் தியாகக் கதையாகப் படித்தேன். இப்போது எனக்கு அது விடுதலைக் கதை. பதினாலு வயதிலிருந்து என்மேல் படிந்துகொண்டிருந்த பார்வைகள் விலகிவிட்டன. அம்மா மண்டபம் படித்துறையில் மாலையில் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து காவிரியைப் பார்க்கிறேன். முப்பது வயதில் என்னால் அப்படி உட்கார முடிந்ததில்லை.

இளமையை நினைத்து ஏங்குவது தவறா?

தவறே இல்லை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் ஒரு முதியவர் ஏங்குகிறார். மடுவின் கரையில் மருத மரக்கிளையில் ஏறி, பார்த்தவர்கள் திகைக்கக் குதித்து, அடி மணலை அள்ளி வந்த அந்த இளமை இப்போது எங்கே போயிற்று என்று கேட்கிறார். இன்று அவர் பூண் போட்ட தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்களைப் பேசுகிறவர். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தடியையே பெயராக்கி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று வைத்துவிட்டார்கள். ஏக்கத்தை அவர் மறைக்கவில்லை; எங்கே போயிற்று என்று வாய்விட்டுக் கேட்டார். நண்பர்கள் ஒவ்வொருவராகப் போகும்போதும் அப்படித்தான். எங்கள் பூங்கா பெஞ்சில் சென்ற ஆண்டு இரண்டு இடம் காலியானது. அவர்களைப் பற்றிப் பேசுகிறோம், சில நாள் அழுகிறோம்.

இப்போது பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் என்ன செய்கிறீர்கள்?

உட்காருகிறேன். கால் வலிக்காத நாளிலும் உட்காருகிறேன், ஏனென்றால் அந்தப் பிள்ளை எழுந்தது எழுந்ததுதான். உட்கார்ந்ததும் கையை நீட்டி அவளுடைய புத்தகப் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொள்கிறேன். நாங்கள் படித்த காலத்துப் பையைவிட மிகவும் கனமாக இருக்கிறது. பக்கவாட்டுப் பையில் தண்ணீர் பாட்டில் குளிர்ச்சியாகக் கையில் படும். "எத்தனையாவது படிக்கிறாய்? தமிழில் இப்போது என்ன பாடம்?" என்று கேட்பேன். மேலூர் ரோடு திரும்பும் வரை பேசிக்கொண்டு போவோம்.